நீர் எழுதிய பதினேழாம் அத்தியாயம்

தம்பானூர் லாட்ஜின் வரவேற்பறையில் இன்று காலை அந்தப் பழைய பிரிண்டர் கிறீச்சிட்டு ஒரு பில்லைத் துப்பியது. பினாயிலும் ஈரச்சுவரும் கலந்த அதே வாசனை. காகிதத்தின் அடியில் நம் மென்பொருளின் பெயர், அதற்குக் கீழே உமது வரி: "இதை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம்." அதைப் படித்துவிட்டு விருந்தினர்கள் துவாலையை எடுத்துப் போகிறார்கள் என்று மேனேஜர் சசிதரன் ஒருமுறை புகார் சொன்னார். நீர் அதை மிகுந்த அக்கறையோடு குறித்துக்கொண்டீர். நீர் கண்ணை மூடி இரண்டு மாதமாகிறது.

நாகர்கோவிலிலிருந்து வந்து, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிர் மாடியில் நாம் கடை திறந்தபோது திட்டம் எளிமையாக இருந்தது. லாட்ஜ்களுக்கு மென்பொருள் இலவசம், யாரும் திருத்திக்கொள்ள அதன் உள்நிரலான சோர்ஸ் கோடும் இலவசம். பழுது வந்தால் பார்க்க வருடாந்திர ஒப்பந்தம். அதில்தான் நம் சோறு. உலகத்தின் பெரிய கம்பெனிகள் சில இப்படித்தான் பிழைக்கின்றன என்று படித்துவிட்டு வந்து சொன்னவன் நான். அந்தக் கம்பெனிகளில் உம்மைப் போல் ஒருவர் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

யாராவது போனில் சந்தேகம் கேட்டால் பதில் சொல்வதோடு நீர் நிற்கமாட்டீர். அன்றைக்கே அந்தப் பதிலைத் தமிழிலும் மலையாளத்திலும் கையேட்டில் சேர்த்து எல்லா லாட்ஜுக்கும் அனுப்பிவிடுவீர். ஒரு கேள்வி நமக்கு இரண்டாம் முறை வந்ததில்லை. மூன்றாம் வருடம் போன் அடிப்பதே நின்றுபோனது. ரிசீவரை எடுத்து, அதற்கு உயிர் இருக்கிறதா என்று நான் அடிக்கடி பார்த்துக்கொள்வேன்.

"ஓய், நாம விக்கது சர்வீஸ். அது யாருக்கும் தேவைப்படாம நீரு பண்ணுகீரு" என்றேன்.

"பழுது வரலேன்னா நல்லதுதானே வே?"

"லாட்ஜுக்கு நல்லது. நமக்கு?"

"நமக்கும்தான். மத்தியானம் தூங்கலாம்லா."

அந்த வாரம்தான் கையேட்டின் பதினேழாம் அத்தியாயத்தைக் கொண்டுவந்து நீட்டினீர். தலைப்பு, 'நாங்கள் இல்லாவிட்டால்.' விவரங்களை எப்படி நகலெடுப்பது, வேறு ஆளை வைத்து எப்படித் திருத்துவது, வேறு மென்பொருளுக்கு எப்படி மாறுவது, எல்லாம் படத்தோடு. வாடிக்கையாளருக்கு வெளியே போகும் வழியைக் கடைக்காரனே வரைந்து கொடுப்பதை நான் எந்த வணிகப் புத்தகத்திலும் படித்ததில்லை. என் மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். இதை மட்டும் அனுப்பாதேயும் என்று கெஞ்சினேன். "சரி வே, உமக்காக" என்றீர்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அந்த அத்தியாயத்தையும் திருத்திவைத்திருக்கிறீர். உமது கணினியைத் திறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இன்று சசிதரன் பில்லைக் கிழித்து வைத்துவிட்டுத் தயங்கினார். "சாரே, முதலாளிக்கு பயம். எழுதின ஆள் போயாச்சு. நாளைக்கு இது நின்னா யாரைப் பிடிக்கிறது? வேற கம்பெனி பாக்கச் சொல்றாரு, கேட்டோ."

மற்ற லாட்ஜ்களும் இதையேதான் சுற்றிவளைத்துச் சொல்கின்றன. இந்த ஒப்பந்தங்கள் போனால் கடையை மூட வேண்டியதுதான். மாடிக்கு ஏறிவந்து, பதினேழாம் அத்தியாயத்தை எல்லோருக்கும் அனுப்பினேன். துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். போகப்போகிறவர்களுக்கு வழியைக்கூடச் சொல்லாமல் இருப்பது அசிங்கமாகப் பட்டது.

சாயங்காலம் சசிதரன் கூப்பிட்டார். "வாசிச்சேன் சாரே. நகலும் எடுத்துப் பாத்தாச்சு. இனி நீங்க இல்லாட்டியும் நடக்கும்."

"சந்தோஷம்" என்றேன், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"முதலாளி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிட்டாரு."

"ஏன்?"

"எப்ப வேணும்னாலும் போகலாம்னா, இப்ப எதுக்கு சாரே போகணும்?"

நம் கடைக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே நல்ல விளம்பரத்தை இத்தனை வருடம் நான்தான் வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறேன். அனுப்பத்தான் வேண்டும் என்று ஒருநாளாவது நீர் என்னிடம் சண்டை போட்டிருக்கலாம்.

கழக்கூட்டத்துப் பக்கம் மென்பொருள் கம்பெனிக்காரர்களின் கூட்டங்களில் பேச என்னை இன்னும் அழைக்கிறார்கள். இலவசமாகக் கொடுத்துவிட்டும் வாடிக்கையாளர்கள் உங்களை விட்டுப் போகாதது எப்படி, யாருடைய உத்தி என்று கேட்பார்கள். என்னுடையது என்று கூசாமல் சொல்வேன்; பின்வரிசையில் உட்கார்ந்து நீரும் கைதட்டுவீர். இனி மறுத்துச் சொல்ல ஆளில்லை. அதனாலோ என்னவோ, அந்தப் பொய் வாயில் வரமாட்டேன் என்கிறது.