இரண்டாகிப் போன மேசை

அன்புள்ள உம்மாவுக்கு, ரஃபீஃபின் ஸலாம். நான் நலம். வாப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

பாக்தாதில் எங்கள் தையல்கூடத்தில் எல்லோரும் ஒரே மேசையில்தான் நோன்பு திறப்போம். சன்னிகள் பள்ளிவாசலில் முதல் பாங்கு ஒலித்ததுமே திறப்பார்கள், ஷியாக்கள் இருட்டும்வரை பொறுப்பார்கள்.

"பத்து நிமிஷம் தாங்காதா? அது வயிறா, கிணறா?" என்பார் ஷியாவான வஜீஹா அக்கா.

"உனக்கும் சேர்த்துத்தான்டி சாப்பிடறேன்" என்பார் சன்னியான நஜ்லா அக்கா.

போன வாரம் ஒரு வேட்பாளரின் ஆள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்து, "நம்ம ஷியா ஆளுங்க மட்டும் இந்தப் பக்கம் வாங்க" என்றார். மறுநாள் எதிர்க்கட்சி வேட்பாளரின் ஆள் வந்து சன்னிகளுக்கு மட்டும் கொடுத்தார். மேசை இரண்டானது.

"நீ எந்தப் பக்கம்டி?" என்று என்னைக் கேட்டார்கள். நீங்கள் சன்னி, வாப்பா ஷியா. நான் என்ன சொல்வது? தட்டு கழுவப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டேன். அன்றிலிருந்து குழாயடியில் நின்றே நோன்பு திறக்கிறேன். கவலைப்படாதீர்கள், வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறேன்.

ஒரு தொகுதிக்குப் பல இடங்கள் இருப்பதால், நேற்று அந்த வேட்பாளர்கள் இருவருமே ஜெயித்துவிட்டார்கள். ஒரே ஆட்சியில் மந்திரியாகப் போகிறார்களாம். எங்கள் மேசைகள் மட்டும் இன்னும் சேரவில்லை. ஏன் உம்மா?

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நம் மரத்துப் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்புங்கள். இரண்டு மேசைக்கும் காணும்படி அனுப்புங்கள். வஜீஹா அக்கா கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

உங்கள் ரஃபீஃப்