கனகாம்பர நிறத்துத் தண்ணீர்

7-9-64 திங்கள்

கனகாம்பரம். பவுடர் ஒரு கிண்ணம். முட்டி வலி.

இப்படி எழுதினால் போதும் என்று ஹரோல்ட் துரை சொல்லியிருக்கிறார். தினமும் பங்களா நீச்சல் குளத்துத் தண்ணீரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், போன மாதத்திலிருந்து உத்தரவு. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இது ஒரு தண்டனை.

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து நாலு சொட்டு விட்டால் நிறம் வரும். எலுமிச்சை மஞ்சள் என்றால் தண்ணீர் புளித்துவிட்டது. அரளிச் சிவப்பு என்றால் சுண்ணாம்பு ஏறிவிட்டது. கனகாம்பரம் வந்தால்தான் துரை மகள் சாரா இறங்கலாம். கிருமிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர் சிவப்புக்கு இழுக்கும். கலங்கல் தெளியப் போடுகிற படிகாரம் மஞ்சளுக்கு இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்பது வருஷமாக நிற்கிறேன். அதற்கு முன் என் வீட்டுக்காரர் நின்றார். அவர் போனபின் துரைசானி "நீயே பாத்துக்கோ" என்றாள். பின்கட்டு அறையும் எனக்கே நின்றது.

ஆகஸ்டில் தண்ணீர் கலங்கியபோது துரை சொன்னது: "இன்னொரு வாட்டி பாப்பா கண்ணு செவந்துச்சுன்னா மில்லுலேர்ந்து ஆள் போட்டுடுவேன், தாயம்மா." ஆள் வந்தால் அறையும் அவனுக்குத்தான்.

துரைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நோட்டைப் புரட்டி "குட், குட்" என்கிறார். ஆகவே எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

12-9-64

காற்று. சுரங்கத்தில் தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மண்மேடு முழுவதும் எழுந்து வந்து குளத்தில் உட்கார்ந்தது. வலை போட்டு எடுத்தேன். எடுக்க எடுக்க விழுகிறது.

21-9-64

சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. பெங்களூரிலிருந்து வரவேண்டும். எப்போது வருமோ. மஞ்சளை இழைத்துக் காகிதத்தில் தடவிக் காயவைத்தேன். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதே, அதேதான். காகிதத்தைக் குளத்தில் நனைத்தால் மஞ்சளாகவே இருக்க வேண்டும். சிவந்தால் சுண்ணாம்பு. புளித்திருந்தால் இது காட்டாது. ஒற்றைக் கண்ணால் பார்ப்பது மாதிரிதான், என்ன செய்ய?

27-9-64 ஞாயிறு

மாரிகுப்பத்திலிருந்து மகன் பாண்டுரங்கன் வந்தான். "இந்த வயசுல இன்னாத்துக்கும்மா குனிஞ்சு குனிஞ்சு வலை போட்டுகினு? வந்து எங்களோட இரு."

சுரங்கத்து லைன் வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர். அதுவும் போகட்டும். மருமகள் சௌந்தரம்? 1961 பொங்கலன்று எல்லார் இலைக்கும் நெய் ஊற்றிக்கொண்டு வந்தவள், என் இலைக்கு வந்ததும் "தீந்துபோச்சு அத்தே" என்றாள். கிண்ணத்தில் பாதி இருந்தது. நான் பார்த்தேன்.

போகமாட்டேன். செத்தால் இந்த அறையில் சாகிறேன்.

4-10-64

இன்றோடு ஏழு வருஷம். 1957 அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. அன்றுதான் பங்களா ஆயா ஃப்ளோரா, துரைசானி முன்னால் நின்று, "தாயம்மா பவுடரை அள்ளிக் கொட்டிட்டா, அதான் கொழந்தை கண்ணு இப்படிக் கீது" என்றாள். சாராவுக்கு அப்போது ஐந்து வயது. கண் இரண்டும் மிளகாய்ப் பழம். நான் கொடுத்த பொரியை மென்றுகொண்டே சொன்னாள் ஃப்ளோரா! வாயில் என் பொரி, வார்த்தையில் என் பிழைப்பு. நான் அள்ளிக் கொட்டுகிறவளா? கிண்ணம் வைத்து அளந்து போடுகிறவள்.

அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. ஒரே குழாயடி. அவள் வந்தால் நான் குடத்தைத் திருப்பிக்கொள்வேன்.

காகிதம் மஞ்சள். பவுடர் ஒரு கிண்ணம்.

13-10-64

அஷ்டமி. சாயங்காலம் பவுடர்க் கிண்ணம், வலை, பம்பு ஸ்பேனர் எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். நோட்டும் பேனாவும்கூட உள்ளே போகவேண்டும். இனி விஜயதசமி வரை தொடக்கூடாது. வீட்டுக்காரர் காலத்திலிருந்து அப்படித்தான். வருஷா வருஷம் வெயில் காய்ந்து, தண்ணீர் கெடாமல் நின்றுவிடும்.

15-10-64 வியாழன்

நேற்று முழுக்க மழை. பூஜை நல்லபடி முடிந்தது. பம்பு ஓடவில்லை, பவுடர் போடவில்லை. இன்று மதியம் ராகு காலம் கழித்து எல்லாவற்றையும் எடுத்துப் போய்ப் பார்த்தால் — தண்ணீர் பயற்றங்கஞ்சி. அடி தெரியவில்லை. சாரா நாளைக் காலை ஆறு மணிக்கு இறங்குவாள்.

பவுடர் இரண்டு கிண்ணம் போட்டேன். இல்லை, இரண்டரை. காகிதம் ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்தது. படிகாரம் கரைத்து ஊற்றினேன். விடிவதற்குள் நடுவுக்கு வரவேண்டும். வருமா?

வராவிட்டால் முதலில் போய் வத்தி வைக்கப்போவது யாரென்று தெரியும். பொரி மென்ற வாய்.

16-10-64 வெள்ளி

வரவில்லை. தண்ணீர் தெளிந்திருந்தது, அதை நம்பிச் சாரா இறங்கிவிட்டாள். ஏழு மணிக்குக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு அழுகிறாள். மிளகாய்ப் பழம்.

துரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நோட்டையும் கொண்டுவரச் சொன்னார். வாங்கிப் பார்த்துவிட்டு ஃப்ளோராவைக் கூப்பிட்டார்: "நீ சர்ச்சுல தமிழ் பைபிள் படிக்கிறியே. நேத்து இன்னா எழுதிருக்கா, படி."

முடிந்தது என்று நினைத்தேன். மாரிகுப்பம். சௌந்தரம். நெய்.

ஃப்ளோரா கண்ணாடி போட்டாள். பக்கத்தைப் பார்த்தாள். முன்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். எவ்வளவு நேரம்! துரை, "இன்னா, எழுத்து தெரியலியா?" என்றார்.

"தெரியுது துரை. கோழி கிளறின மாதிரி கீது, அதான்." பிறகு விரல் வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள்: "நேற்று மழை. மண்மேட்டுத் தூசியெல்லாம் கரைந்து குளத்தில் இறங்கிவிட்டது. பவுடர் ஒரு கிண்ணம். நாளைக்குக் குழந்தை இறங்க வேண்டாம் என்று சொல்லவேண்டும்."

நான் எழுதாததை எழுதியதுபோலவே படித்தாள்.

"சொன்னியா தாயம்மா?" என்றார் துரை.

ஃப்ளோராவே சொன்னாள்: "எங்கிட்டதான் சொல்லிவிட்டா துரை. எனக்கு மறந்துபோச்சு."

திட்டு அவளுக்கு விழுந்தது. நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். முகத்தைப் பார்க்கவில்லை.

17-10-64

தூக்கமில்லை.

ஏன் சொன்னாள்? எதைக் கேட்பாள் இதற்கு?

கிண்ணத்தில் மீந்த பொரியைக் கொறித்தபோதுதான் உறைத்தது. பொரி. 1957-இல் அவள் மென்றதும் இதே பொரிதான். ஆயுத பூஜைப் பொரி. நான் வேறு எப்போது பொரி வாங்கினேன்? அந்த வெள்ளிக்கிழமையும் விஜயதசமிக்கு மறுநாள். அந்த வருஷமும் மழை. அந்த வருஷமும் மூன்று நாள் எதையும் தொடாமல், வந்து பார்த்து, பயந்து —

எல்லாம் நினைவிருக்கிறது. அவள் போட்டிருந்த கவுனில் எத்தனை பட்டன் என்பதுகூட. இது மட்டும் எப்படி இல்லாமல் போச்சு? இல்லாமல் போகவில்லை. இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

18-10-64

நிறம் பார்த்தேன். எழுத மனசில்லை.

20-10-64

குழாயடி. குடத்தைத் திருப்பவில்லை.

"எல்லாம் படிச்சியா?" என்றேன். ஏழு வருஷத்தில் முதல் பேச்சு இதுதான்.

"படிச்சேன். பொரி மென்ற வாய்." தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னாள். "சௌந்தரத்தைப் பத்திகூடப் படிச்சேன். நெய் பாதி கிண்ணம் இருந்துச்சா? முக்காலா?"

"பாதி."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்த வருசமும் ரெண்டு கிண்ணம் போட்டேன்," என்றேன்.

"மூணு. ஜன்னல்லேர்ந்து நான்தான் எண்ணினேனே."

"அப்பறம் இன்னாத்துக்கு இப்போ பொய் படிச்சே?"

குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "அன்னிக்கு நான் நெசத்தைச் சொன்னதுக்கு ஏழு வருசம் பேசல நீ. இந்த வயசுல இன்னொரு ஏழு வருசம் யாருகிட்டக் கீது அக்கா?"

2-11-64

பெங்களூரிலிருந்து சொட்டு மருந்து வந்தது. கனகாம்பரம். துரை பார்த்தார். "குட்."

14-1-65

பொங்கல். மாரிகுப்பம் போய்வந்தேன். நெய் ஊற்றினாள். கொஞ்சம்தான்.

5-10-65 செவ்வாய்

நோட்டு மூன்று நாள் பூஜையில் இருந்தது. கிண்ணமும் வலையும் ஸ்பேனரும் அப்படியே. நான் எதையும் தொடவில்லை. முட்டிக்கும் ஓய்வு. குளத்தங்கரையில் பலகை போட்டு உட்கார்ந்து, எத்தனை, எப்போது, எந்த ஓரத்தில் என்று சொன்னதோடு சரி. ஃப்ளோரா தன் வீட்டு அலுமினிய டம்ளரைக் கொண்டுவந்து அளந்தாள். அவளுக்கு ஆயுத பூஜை கிடையாது. பம்பையும் அவளே ஓட்டினாள், கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டே.

நேற்று அவள் எழுதிவைத்த சீட்டைச் சோற்றுப் பருக்கை தடவி இங்கே ஒட்டியிருக்கிறேன்:

"4-10-65. மழை. பவுடர் ஒரு டம்ளர் தலை தட்டி. கனகாம்பரம். பாப்பா நீந்தினாள். கண்ணில் ஒன்றும் இல்லை."

எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. பொரி இரண்டு படி கொடுத்தேன். கடலை குறைச்சல் என்கிறாள்.