உன் கிதாரோடு வாசித்தோம்

அன்புள்ள மச்சானுக்கு,

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று உன் தங்கை சொன்னாள். ஜூலையில் ஸ்டூடியோவில் நான் பேசியதையும், நீ கிதாரை எடுத்துக்கொண்டு நம் குழுவை விட்டுப் போனதையும் பற்றி எனக்கு எழுத வரவில்லை. நேற்று நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நெம்மேலிக் கடற்கரையில் நீ மெட்டுப்போட்ட பாட்டுக்குப் புதிதாக ஒருவரைக் கிதார் வாசிக்க வைத்தோம். தாளம் பிசகாமல் வாசித்தார். பாட்டில்தான் உயிரில்லை. ஆல்பத்தைத் தயாரிக்கும் கவியா அக்கா உன் பழைய பதிவைத் தனியாக ஓடவிட்டார். ஒவ்வொரு வரி முடிந்ததும் நீ கொஞ்சம் தாமதித்துத்தான் அடுத்த வரிக்குள் நுழைகிறாய். அலை உள்வாங்கித் திரும்புகிற அளவுக்குத் தாமதம். அதைத்தான் நான் தப்பென்று கத்தினேன்.

"அவன் எங்கியும் தாளம் தப்பல. நீங்கதான் அவசரப்பட்டுகினு கீறீங்க," என்றார் அக்கா.

பிறகு என் பேஸ் கிதார், ஜெரோமின் ட்ரம்ஸ் இரண்டின் பதிவையும் அழித்துவிட்டார். படூரின் அந்தச் சின்ன அறையில், ஹெட்போனில் உன்னைக் கேட்டபடி நாங்கள் இருவரும் முதலிலிருந்து வாசித்தோம். நீ தாமதித்தபோது மூச்சை அடக்கிக் காத்திருந்தோம். மூன்று வருஷமாக வாசிக்கிற பாட்டை நேற்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பாட்டு முடிந்த பிறகும் பதிவு ஓடியது. அதில் உன் குரல் வந்தது: "இன்னொரு தபா போலாமா மச்சான்?"

"போலாம்டா," என்று நானும் ஜெரோமும் ஒன்றாகச் சொல்லிவிட்டோம். சொன்ன பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு உனக்கு லீவுதானே?

உன் பக்கத்தில் பேஸ் வாசிக்கிறவன்