பாவுத் தெருவில் எறியப்படாத வேல்

நலம் ஓங்குக. மழை தவறாத ஏழ்வேலி நாட்டை ஒரு குடைக்கீழ்க் காத்து, தேர்கள் ஓடும் நெடுவழிகள் யாவும் தம் பெயர் சொல்ல வீற்றிருக்கும் எழுபரி வேந்தர் திருவடி வாழ்க. அவ்வேந்தரின் செவியும் சொல்லுமாய்ப் பொன்முற்றத் தலைநகரில் அமர்ந்து அரசாணைகளுக்கு முத்திரையிடும் பேரமைச்சர் விளங்கில் கோடனார் திருமுன்பு, தென்கரைக் கோட்டத்துப் பெருவழிக் காவல் நாயகனாகிய வேட்டன் சாத்தன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் மாளிகையும் மக்களும் சுற்றமும் குறைவின்றி இருக்க. தலைநகரின் வாயில்கள் நண்பர்க்குத் திறந்தும் பகைவர்க்கு அடைத்தும் நிலைபெறுக.

தாங்கள் சித்திரைத் திங்கள் இருபதாம் நாள் விடுத்த ஓலையை அடியேன் எழுந்து நின்று வாங்கி, கண்ணில் ஒற்றி, காவலர் அனைவர் முன்னும் படிக்கச் செய்தேன். ஓடும் தேரின்மேல் வேலெறியாமல் தன் குதிரையை இழுத்து நிறுத்திய காவலன் செங்கீரனை விலங்கிட்டு அனுப்புமாறும், அவன் வலக்கை அரண்மனை வாயிலில் துணிக்கப்படும் என்றும், மற்றக் காவலர் அதனைக் கண்டு வேலாணையை மறவாதிருக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

செங்கீரனை அனுப்ப மாட்டேன். சுற்றி வளைத்துச் சொல்வது தங்கள் நேரத்தையும் என் வயதையும் அவமதிப்பதாகும் ஆதலால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இதுவரை அடியேன் என்று எழுதினேன். இனி வருவதை நான் என்றே எழுதுகிறேன், ஏனெனில் இதற்கு விடை சொல்ல வேண்டியவன் நான் ஒருவனே.

வேலாணை பிறந்த வரலாறு தாங்கள் அறிந்ததே. சென்ற ஆண்டு அரச லாயத்துக் குதிரைகளைக் கள்வர் தேரோடு ஓட்டிச் சென்றபோது, சினம் கொண்ட அவை ஓராணை இயற்றியது. மூன்று முறை கொம்பூதியும் நில்லாத தேர் எதுவாயினும், அது ஓடும் இடம் எவ்விடமாயினும், அதன் குதிரையையோ பாகனையோ வேலால் வீழ்த்துக என்பது அவ்வாணை. அதனை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். நாற்பது ஆண்டு பெருவழியில் புழுதி தின்றவனுக்கு, தப்பி ஓடும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடக் கசப்பானது வேறில்லை.

பின்னர் மாசித் திங்களில் உப்பங்காடித் தெருவில் நிகழ்ந்ததை என் பழைய ஓலையில் மூன்று வரியில் எழுதினேன். இன்று முழுவதும் எழுதுகிறேன். கடைகள் திறந்து மக்கள் கூடிய காலைவேளை. ஒற்றைக் குதிரை பூட்டிய தேரொன்று கொம்பொலிக்கு நில்லாமல் ஓடிற்று. செங்கீரனும் நானும் பக்கம் பக்கமாகத் துரத்தினோம். தெரு வளையும் இடத்தில் அவன் வேலை ஓங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான் “எறி” என்றேன். அவன் குறி தப்பியதில்லை. கழுத்தில் வேல் பாய்ந்த குதிரை மடிந்து விழ, தேர் கவிழ்ந்து உப்புக் குவியல்களுக்கிடையே உருண்டு, அங்கே அளந்துகொண்டிருந்த பெண்ணொருத்தியின் மேல் ஏறி நின்றது. அவள் அவ்விடத்திலேயே இறந்தாள். பாகன் பொழுது சாயும்வரை உயிரோடிருந்தான். பத்தொன்பது வயது. தேருக்குரிய தலைவனிடம் கேளாமல் அதைப் பூட்டிக்கொண்டு அக்காளின் திருமணத்துக்குப் புறப்பட்டவன், கொம்பொலி கேட்டு அஞ்சி ஓடினான். அவன் செய்த குற்றம் அவ்வளவே.

அதற்குப் பரிசாகத் தாங்கள் செங்கீரனுக்கு வெள்ளிக் கழல் அனுப்பினீர்கள். அவன் அதை இன்றுவரை அணியவில்லை. ஆணை நிறைவேறியது என்றும், இடையில் நின்ற ஒருவர் இறந்தார் என்றும் நான் தங்களுக்கு எழுதினேன். இடையில் நின்ற அந்த ஒருவருக்குப் பெயர் உண்டு. நல்லாள் என்பது அவள் பெயர். அதை எழுதாமல் விட்டது என் எழுத்தாணியின் கோழைத்தனம்.

இனி, தாங்கள் குற்றம் என்று எழுதிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். சித்திரைத் திங்கள் பன்னிரண்டாம் நாள் துடியன் என்னும் குதிரைக் கள்வன், வணிகர் ஒருவரின் இருபரித் தேரைக் கவர்ந்து, தடுத்த வாயில் காவலனின் காலை முறித்துவிட்டுத் தெற்கே ஓடினான். அவன் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை, அவன் கொடியவன். செங்கீரன் இரண்டு காவலரோடு ஒரு காதம் அவனைத் துரத்தி, வேல் எட்டும் தொலைவை அடைந்தான். அவ்வேளையில் தேர் நெசவாளர் தெருவுக்குள் புகுந்தது. விடிந்து ஒரு நாழிகை. தெரு நெடுகப் பாவு நூலை நீட்டிக் கட்டி, ஆணும் பெண்ணும் இருபுறமும் நின்று நூலுக்குக் கஞ்சி தடவும் நேரம். செங்கீரன் குதிரையை இழுத்து நிறுத்தினான்.

ஏன் நிறுத்தினாய் என்று நான் அவனைத் தனியே கேட்டேன். அவன் சொன்னதை நயமான மொழியில் திருத்தாமல் எழுதுகிறேன்.

“எறியத்தான் கைய ஓங்கினேன் ஐயா. பாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பள குனிஞ்சு நூல் முடிஞ்சுக்கிட்டு இருந்தா. தேர் வர்றது அவளுக்குத் தெரியல, நிமிரவே இல்ல. குதிரை விழுந்தா அவ மேலதான் விழும். கை தானா இறங்கிருச்சு.”

குதிரைகள் விழாமல் நேரே ஓடியதால் நூல்தான் அறுந்தது. ஒரு கிழவருக்குத் தோளில் சிராய்ப்பு, வேறெவருக்கும் தீங்கில்லை. செங்கீரன் கைகட்டி நிற்கவில்லை. நெடுங்கொம்பு ஊதி, ஆற்றுத்துறைக்குப் பறைவழியே செய்தி விடுத்து, தான் ஏரிக்கரை சுற்றி விரைந்தான். துறைக் காவலர் பனைமரத்தை வழியின் குறுக்கே உருட்டிப் போட்டனர். மரத்தைக் கண்ட துடியன் தேரை ஆற்றுச் சரிவில் திருப்பினான். அங்கே ஓடத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்த ஓடக்காரர் கடம்பன் சக்கரத்தில் அகப்பட்டார். தேர் சேற்றில் புதைந்தது. கள்வன் உயிரோடு பிடிபட்டான். கடம்பன் மறுநாள் இறந்தார்.

கடம்பன் இறந்ததை நான் மறைக்கவில்லை. தெருவில் வேல் எறிந்திருந்தால் அவர் இன்று துடுப்பு வலிப்பார் என்று தாங்கள் எழுதியது உண்மை. என் உடன்தலைவர் வில்லியாதனும் இதையே காவல் மன்றத்தில் சொன்னார். எறியமாட்டோம் என்று கள்வர்க்குத் தெரிந்தால் ஒவ்வொருவனும் கூட்டம் நிறைந்த தெருவைத் தேடியே தேரை ஓட்டுவான் என்றும், நம் இரக்கம் அவனுக்குக் கேடயமாகும் என்றும் வாதிட்டார். அவர் மூடர் அல்லர். அன்றிரவு அவர் சொல்லைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். விடிந்தபின் உப்பங்காடித் தெருவுக்கு நடந்து சென்று, தேர் உருண்ட இடத்தில் நின்று யோசித்தேன். கூட்டத்துக்குள் ஒளியும் கள்வனை அக்கூட்டத்தின் மேலேயே வீழ்த்துவது எங்ஙனம் காவலாகும்? அவன் மக்களைக் கேடயமாக்கினால் நாம் அக்கேடயத்தையே குத்துகிறோம். தெருவைக் காக்க அமர்த்தப்பட்டவன், தெருவின் மேல் தேரைக் கவிழ்த்துவிட்டுக் கடமை முடிந்தது என்று கழல் வாங்கலாகாது.

மன்றத்துக்குக் கடம்பனின் மனைவி வெள்ளச்சியும் வந்தாள். கைம்பெண்ணின் கண்ணீருக்கு நியாயம் செய்யவே காவலனின் கை கேட்கப்படுகிறது என்று தங்கள் ஓலை சொல்கிறது அல்லவா? அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்து அவள் சொன்னாள்:

“எனக்கு அந்த ஆளு மேல கோவம் இருக்கு. நாளைக்கும் இருக்கும். அந்தத் தெருவுல எத்தன பேரு தப்பிச்சாகன்னு எங்கிட்டச் சொல்லாதீக, எம் புருசன் தப்பிக்கல. நீங்க அந்த ஆளு கைய வெட்டுங்க, வெட்டாமப் போங்க. எம் பேரச் சொல்லி வெட்டாதீக.”

அவள் மன்னிக்கவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்க. மன்னித்தாள் என்று எழுதினால் என் வழக்கு வலுப்பெறும். ஆயினும் அவள் சொல்லாததை எழுத எனக்கு உரிமையில்லை. தங்களுக்கும் இல்லை.

செங்கீரனோ தானே தலைநகர் வந்து கையை நீட்டுவதாகச் சொல்லி இருமுறை என் வாயிலில் நின்றான். நல்லாளுக்கும் கடம்பனுக்கும் தன் கை கடன்பட்டது என்றான். உப்பங்காடியில் எறிந்த கைக்கு வெள்ளியும், நெசவாளர் தெருவில் எறியாத கைக்கு வாளும் கொடுக்கும் அவையின் முன் அவனை நிறுத்த எனக்கு மனமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை வந்தால் சிறையிலிடுவேன் என்றும் சொன்னேன். அவன் இப்பொழுது துறையில், கடம்பன் இருந்த இடத்துக்கு ஆள் வரும்வரை, காவல் முறை முடிந்தபின் ஓடம் தள்ளுகிறான். வெள்ளச்சி அவனோடு பேசுவதில்லை.

ஆதலால் நான் செய்தவற்றை அறிவிக்கிறேன், இசைவு கேட்கவில்லை. தென்கரைக் கோட்டத்தில் வேலாணை இம்மாதம் முதல் நாளோடு நின்றது. தப்பி ஓடுகிறது என்பதற்காக எத்தேரின் மேலும் என் காவலர் வேல் எறியார். பாகன் மக்களைக் கொல்லக் கருதிக் குதிரைகளை அவர்கள் மேல் திருப்புவானாயின், அப்பொழுது எறிவர். அத்தகைய நாள் வந்தால் “எறி” என்று மீண்டும் என் வாயே சொல்லும், அதன் பழியையும் சுமக்கும். மற்ற வேளைகளில் பறையும் கொம்பும் தேருக்கு முன்னே ஓடட்டும். ஊருக்கு வெளியே வழி அடைபடட்டும். கடம்பனின் சாவு கற்பித்தபடி, வழியை அடைக்குமுன் துறையிலும் பாலத்திலும் நிற்கும் மக்கள் முதலில் அகற்றப்படுவர். அதை முன்பே செய்யாதது செங்கீரன் பிழையன்று, துறைக் காவலர் பிழையுமன்று. அவர்களுக்கு வேலெறிய மட்டும் கற்பித்த என் பிழை.

இவ்விதிகள் ஏட்டில் இருந்தால் எரியும் என்பதால், கோட்டத்தின் பதினொரு காவற்சாவடிகளிலும் கல்லில் வெட்டுவித்தேன். கடைசிக் கல்லில் உளி நின்று நேற்றோடு இரண்டு நாள்.

தாங்கள் என்னைப் பதவி நீக்கலாம். அது தங்கள் அதிகாரம். என் இடத்தில் வில்லியாதன் அமர்வார். அவர் என்னோடு வாதிட்டவர் ஆயினும், செங்கீரனை அனுப்பும் ஓலையில் தம் முத்திரை விழாது என்று தாமாகவே என்னிடம் சொல்லிவிட்டார். அவருக்குப் பின் யார் என்று தேடுமுன் இங்குள்ள நூற்றிருபது காவலரையும் கேட்டுவிடுக.

இவ்வோலையை வேந்தர் திருமுன்பு ஒரு வரியும் விடாமல் உரக்கப் படிக்கச் செய்க. நல்லாள், கடம்பன், திருமணத்துக்குப் புறப்பட்ட பாகன் நெடுங்கிள்ளி ஆகிய பெயர்கள் அவையில் ஒலிக்க வேண்டும். அதன்பின் வேந்தர் தம் திருவாயால் என்னைக் கழுவேற்றச் சொன்னாலும் தலைவணங்குவேன். தங்கள் ஓலைக்கு வணங்கேன்.

வேந்தர் கொற்றம் நிலைக்க. அவர் வழிகளில் நடப்போர் மாலையில் வீடு சேர்க. ஆட்சியாண்டு பதினேழு, வைகாசித் திங்கள் ஒன்பதாம் நாள், தென்கரைக் காவல் மன்றத்தில் என் கையால் எழுதி, சக்கரமும் கொம்பும் பொறித்த முத்திரையிட்டேன்.

கற்களிலுள்ள எழுத்தை அழிக்க விரும்பினால் தலைநகரிலிருந்தே தச்சரை அனுப்புக. இக்கோட்டத்துக் கல்தச்சர் அனைவரையும் அழைத்துக் கேட்டாயிற்று. அதற்கு உளி எடுக்க ஒருவரும் வரமாட்டார்.