எலிசாவின் சாட்சி

புதுக்கடை
02.04.2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சி எலிசாவுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே நான் சுகம். உன் மூட்டுவலி எப்படி? பேத்தி ஜெஸ்பினுக்கு இந்த வருஷம் மூன்று முறை வலிப்பு வந்துவிட்டது. டாக்டர் கொடுத்த குளிகையால் பிள்ளை எந்நேரமும் தூங்கி வழிகிறாள். பதினான்காம் தேதி நம் சபை கன்வென்ஷன் கூட்டத்தில் அவளுக்காகச் சிறப்பு ஜெபம். அன்றோடு குளிகையை நிறுத்தப்போகிறோம். மருமகள் ஜெனிலாதான் பயப்படுகிறாள். நீ மேடையேறிச் சாட்சி சொல்லு. என் ஜெபத்தால் உனக்கு வலிப்பு நின்றது ஊருக்கே தெரியுமே.

அண்ணன்,
சத்தியநேசன்


நாகர்கோவில்
05.04.2024

அண்ணனுக்கு எலிசா எழுதுவது.

மூட்டு கிடக்கட்டும். 1969-ல் சித்தி மகள் கல்யாண வீட்டில் நான் வலிப்பு வந்து விழுந்தேன். என் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு ஜெபித்தீர்கள். மூன்று நிமிஷத்தில் அடங்கியது. உடம்பு பஞ்சு மாதிரி, மனசில் ஒரு கவலை இல்லை. "பாருங்க, சமாதானம் இறங்கியாச்சு" என்றீர்கள். அடுத்த ஞாயிறு சபையிலும் சொன்னீர்கள். மண்டைக்காட்டுப் பக்கம் எனக்குப் பேசி வைத்திருந்த வாத்தியார் மாப்பிள்ளை திங்கட்கிழமையே வேண்டாம் என்றார். ஏழு வருஷம் வீட்டில் கிடந்தேன். மறக்கவில்லை.

நீங்கள் வெளியூரில் படித்த காலத்திலும் விழுந்திருக்கிறேன். அம்மா அரிசி களைந்த கையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதும் மூன்று நிமிஷம்தான், அதே பஞ்சுதான். அன்றைக்கு யார் ஜெபித்தது?

இங்கே டாக்டரம்மாவிடம் கேட்டேன். மூளை தானே அபின் போல ஒன்றைச் சுரக்குமாம். வலிப்பு வந்தால் அது கூடுமாம். வலிப்பு அடங்குவதிலும், பிறகு வரும் அந்த மயக்கத்திலும் அதற்குப் பங்கு இருக்கலாமாம். "எல்லாம் இன்னும் தெளிவாகல பாட்டி. சில நேரம் அதுவே வலிப்பைத் தூண்டியும் விடும். அதை நம்பி மருந்தை நிறுத்தக்கூடாது" என்றாள்.

எனக்கு எப்படி நின்றது என்கிறீர்களா? கல்யாணமான மாதமே என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நாற்பத்தெட்டு வருஷமாகக் குளிகை விழுங்குகிறேன். உங்களிடம் மறைத்தது என் தப்பு. மேடையேறினால் இதைத்தான் சொல்வேன்.

எலிசா


புதுக்கடை
09.04.2024

எலிசாவுக்கு,

இத்தனை வருஷம் எத்தனை சபையில் உன் கதையைச் சொல்லியிருக்கிறேன். இப்போது குளிகை தின்றேன் என்றால் என் முகத்தை எங்கே வைப்பேன்? நீ வராதே. சாட்சிக்கு வேறு ஆள் உண்டு. ஜெஸ்பினின் குளிகையை இன்றே குப்பையில் போட்டாயிற்று.

சத்தியநேசன்


நாகர்கோவில்
23.04.2024

அண்ணனுக்கு,

வராதே என்றீர்கள், வந்தேன். மைக்கை உங்கள் கையிலிருந்து வாங்கியதற்கு எனக்கு வருத்தமில்லை. நாற்பத்தெட்டு வருஷக் குளிகையையும் மூளைக்குள் சுரக்கும் அபினையும் நான் சொன்னபோது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். ஜெனிலா மூடவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறிவிட்டாள்.

டாக்டரம்மா அளவை மாற்றி மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். இப்போது அந்தத் தூக்கம் இல்லை. அன்று பஸ்ஸில் ஜெஸ்பின் கேட்டாள், "பாட்டி, எனக்கும் மண்டைக்குள்ள அபின் உண்டா?"

"எல்லாருக்கும் உண்டு மக்கா. உன் தாத்தாவுக்குக் கொஞ்சம் கூடுதல்" என்றேன். சிரித்தாள்.

பேத்தியைக் கூட்டிப்போக நீங்கள் வரலாம். காலை எட்டு மணிக்கு, அவள் குளிகை நேரத்துக்கு வாருங்கள். குளிகையை உங்கள் கையால் கொடுக்க வேண்டும், அவள் விழுங்குவதை நான் பார்க்க வேண்டும். அப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஜெபியுங்கள். நானும் ஆமென் சொல்கிறேன்.

தங்கச்சி,
எலிசா