பெரிய வெள்ளியன்று அடித்த மணி

1937 பெப்ரவரி 7, ஞாயிறு

மழையில்லை. லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் நூல் போல விழுகிறது.

செபம் முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, கடைவீதிக்கு மின்சாரம் கொடுக்கிற லைட் கம்பனியின் அறிவித்தலை வாசித்தேன். கோடைக்குக் கோடை இங்கிலீசிலும் சிங்களத்திலும் ஒட்டிவிட்டுப் போவார்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியிருக்கிற ஆட்களுக்கு எழுத்து ஒரு கோலம், அவ்வளவுதான். இந்த வருஷம் கம்பனியின் சிங்கள அதிகாரி, லைட் மாத்தயா, தமிழிலும் எழுதுவித்து என் மகன் ஞானப்பிரகாசம் கையில் கொடுத்தனுப்பினார். அவன்தான் மலைக்குப் பின்னால் அணையில் மடை திறக்கிறவன். "எங்கம்மா அஞ்சாங்கிளாஸ் படிச்சவங்க, நிறுத்தி வாசிப்பாங்க" என்று சொன்னானாம். சொல்லட்டுமே. பொய்யா?

கோடை முடியும்வரை பகலெல்லாம் தண்ணீர் அணையில் தேக்கப்படும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மடை திறந்து, மின்சார மெஷின் ஓட வாய்க்காலில் விடப்படும். ஆறு முதல் பத்து வரைதான் வெளிச்சம். வாய்க்காலில் யாரும் இறங்கக் கூடாது.

கடைசி வரியைக் கேட்டதும் கீழ் லயத்து வெள்ளையம்மா சிரித்தாள். "எறங்காம? அந்தப் பீலியில மாத்தயாவ ஒரு நாளைக்கிக் குளிச்சுக் காட்டச் சொல்லுங்க அக்கா. முதுகு நனையிறதுக்குள்ள நரைச்சிடுவாரு."

அவள் சொல்வதும் சரிதான். பகலில் வாய்க்காலில் முழங்காலளவு தண்ணீர் தேங்கி நிற்கிறது. துவைக்க, குளிக்க இப்போது அதை விட்டால் வேறு இடமில்லை.

பெப்ரவரி 11, வியாழன்

நினைத்தது நடந்தேவிட்டது. மடை திறந்த நேரத்தில் வெள்ளையம்மாவும் பிள்ளைகளும் வாய்க்காலுக்குள். வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. துணிமணி எல்லாம் போயிற்று. சின்னவளைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார்களாம்.

மகன் சோற்றைத் தொடவில்லை. "என் கையாலதானே அம்மா தொறந்தேன்." அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான்.

பெப்ரவரி 14, ஞாயிறு

லைட் மாத்தயா வந்தார். வாய்க்கால் நெடுக முள்வேலி போடப் போவதாகச் சொன்னார். பெண்கள் எல்லாரும் ஒரே சத்தம். வேலி போட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஓயா ஆற்றுக்கு நடக்க வேண்டும், கொழுந்தெடுத்து வந்த காலோடு.

உபதேசியார் பவுல்தான் வழி சொன்னார். கோயில் மேட்டில் இருக்கிறது. மணி அடித்தால் அணைக்கும் கேட்கும், லயத்துக்கும் கேட்கும். தினமும் ஐந்துக்கு முன்னால் நீளமாக மணி அடிப்பது. மணி கேட்டால் எல்லாரும் கரையேற வேண்டும். அதன் பிறகு மகன் மடை திறப்பான்.

மாத்தயா யோசித்தார். "ஹொந்தாய், நல்லதுதான். ஆனா ஒரு ஆளுக்கு ஏதாவது ஆனாலும் வேலிதான்" என்றார். தமிழ் நன்றாகவே பேசுகிறார். நல்ல மனுஷன். வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம்.

இன்று மகன் சாப்பிட்டான். தேவனுக்குத் தோத்திரம்.

பெப்ரவரி 28, ஞாயிறு

இந்த வாரத்து அறிவித்தல்: அணையில் தண்ணீர் குறைகிறது, இனி ஒன்பது வரைதான் வெளிச்சம். கடைவீதியில் கடைக்காரர் சாலி நானா அலுத்துக்கொண்டார். "வெளிச்சம் ஒன்பதோட முடியுது. பில்லு மட்டும் விடிய விடிய எரியுது செலினாம்மா."

இருந்தாலும் அவர் கடை வாசலில் அந்த லைட் குமிழ் எரியும்போது நின்று பார்க்காமல் வர முடியவில்லை. என் மகன் விடுகிற தண்ணீர் அங்கே வெளிச்சமாக நிற்கிறது.

மார்ச் 9, செவ்வாய்

மணி தவறுவதே இல்லை. கீழ் லயத்தில் கைப்பிள்ளைகூட மணி கேட்டதும் கரையைக் கை காட்டுகிறதாம்.

மார்ச் 25, பெரிய வியாழன்

மெஷின் துப்புரவு செய்வதால் இன்று வெளிச்சமில்லை என்று நேற்றே வாசித்துச் சொல்லிவிட்டேன். மடை திறக்கவில்லை. அணை நிரம்பித் தளும்புகிறதாம்.

ஆண்டவருடைய மரணத்துக்காகக் காலைப் பூசையோடு கோயில் மணியும் ஓய்ந்தது. இனிச் சனிக்கிழமை வரை மரப்பலகைத் தட்டுதான்.

மார்ச் 26, பெரிய வெள்ளி

படுக்க மனம் வரவில்லை. எழுதினால் அடங்கும்.

சிலுவைப் பாதைக்குக் கோயில் கொள்ளாத கூட்டம். தோட்டத்துத் தொரை இன்று வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு வைக்கவில்லை, தோட்டம் முழுதும் லீவு. ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் உபதேசியார் பலகையைத் தட்ட, முழங்காலில் நின்றோம். ஆண்டவர் மரிக்கிற ஸ்தலம் வந்தபோது மேற்கு ஜன்னல் வெயில் என் கைமேல் விழுந்தது. தினமும் இந்த வெயில் விழுகிற நேரத்துக்குத்தான் மணி அடிப்பார்கள். இன்று அடிக்க மாட்டார்கள். அது மகனுக்கும் தெரியும், கடிகாரத்தைப் பார்த்துத் திறந்துவிடுவான்.

அப்போ வெள்ளையம்மா?

அவளுக்கு யார் சொன்னா? அவ மாரியம்மனைக் கும்பிடுறவ. பெரிய வெள்ளிக்கு மணி அடிக்காதுன்னு அவளுக்கு என்ன தெரியும்? மணி கேட்கும் கேட்கும்னு தண்ணிக்குள்ளேயே நிப்பாளே. லீவு நாள் வேற, கீழ் லயமே அங்கேதான் இருக்கும். நேத்துத் தேக்கின தண்ணியும் சேர்ந்து —

மாத்தயா புத்த சமயம், அவருக்குத் தோன்றியிருக்காது. எங்களுக்கு? பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். அதனாலேயே ஒருத்தர் வாயிலும் வரவில்லை.

எழுந்து ஓடினேன். மணிக் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிக் கட்டியிருந்தார்கள், முடிச்சு அவிழவில்லை. பல்லால் இழுத்தேன். பின்னாலேயே வந்து உபதேசியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செலினாம்மா, ஒங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சா? ஆண்டவர் செத்துக் கெடக்காரு, மணிக்கயித்தப் புடிக்கிறீங்க!"

"கீழ வாய்க்கால்ல ஆளுங்க சாகப் போறாங்க உபதேசியாரே! கைய விடுங்க!"

விட்டாரோ, நான் பிடுங்கிக்கொண்டேனோ தெரியாது. அடித்தேன். தோள் கழன்று போகிற மாதிரி அடித்தேன்.

கீழே போய்ப் பார்த்தபோது எல்லாரும் கரையில். வெள்ளையம்மா நனைந்த சேலையோடு இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். "என்னக்கா, இன்னைக்கிப் பாட்டும் பலகையும் கேக்குது, மணியக் காணமேன்னு இருந்தோம். மனசு நெறைய தொவைக்கலாம்னு பாத்தா அதுக்குள்ள அடிச்சிட்டீங்க!" அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்தது. அவர்கள் நின்ற கல்லை மூடிக்கொண்டு போயிற்று. சின்னவளைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

மகன் ஓடி வந்தான். மடையை ரெண்டு சுற்றுத்தான் திறந்தானாம், பெரிய வெள்ளியில் மணியா என்று பயந்து அடைத்துவிட்டானாம். ரெண்டு சுற்றுக்கே அந்தத் தண்ணீர்.

தேவனே. தேவனே.

மார்ச் 27, சனி

உபதேசியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று மடை அடைத்ததால் கடைவீதி முழுதும் இருட்டாம். மாத்தயா மகனைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். வேலை போகுமோ? வேலி வருமோ? ரெண்டும் நடக்குமோ?

மார்ச் 28, உயிர்ப்பு ஞாயிறு

பூசை வைத்த சுவாமியிடம் போய், மணி அடித்ததைச் சொன்னேன். உபதேசியாரும் கூடவே வந்து நின்றார், குற்றம் சொல்ல வந்தவர் போல.

"தண்ணியில எத்தனை பேர் இருந்தாங்க?" என்று சுவாமி கேட்டார்.

"ஒரு லயமே, பிள்ளைகளோட, சுவாமி."

தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். உபதேசியாரைப் பார்த்து, "ஒங்களுக்கு அது ஏன் தோணலை?" என்றார். பாவம், உபதேசியார் காது சிவந்துவிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆயிற்று. திரும்பும்போது, "எனக்கும் கடைசியிலதானே தோணிச்சு" என்று அவரிடம் சொன்னேன். "கயிறு அறுந்திருந்தா என்னங்க செஞ்சிருப்பீங்க?" என்றார். பேசிவிட்டார், அதுபோதும்.

மார்ச் 30, செவ்வாய்

வேலை போகவில்லை. மாத்தயா நடந்ததை முழுக்கக் கேட்டாராம். பிறகு மகனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாராம். வேலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 11, ஞாயிறு

மூன்று நாளாக மழை. பீலி தடதடவென்று கொட்டுகிறது.

கோடையின் கடைசி அறிவித்தல் வந்தது. மழை பெய்திருப்பதால் இனி விடியும்வரை வெளிச்சம். பொறுத்துக்கொண்ட எல்லாருக்கும் கம்பனியின் நன்றி. கீழே புதிதாக ஒன்று: மணி அடித்தால்தான் மடை திறக்கப்படும். கிறிஸ்தவர்கள் மணி அடிக்காத பரிசுத்த வாரத்து நாட்களில் மடை திறக்கப்படாது. அந்த நாட்களில் கடைவீதிக்கும் வெளிச்சம் இராது. வேலியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். கடைசி வரியை இன்னொரு தரமும் வாசித்தேன்.

வெள்ளையம்மா முன்னால் வந்தாள். "அப்ப அடுத்த வருசம் அந்த நாளெல்லாம் நேரங்காலம் பாக்காம தொவைக்கலாமா அக்கா?"

"தொவைடி. இருட்டுற வரைக்கும் தொவை."

"சாலி நானா திட்டுவாரே?"

"திட்டட்டும். மண்ணெண்ணெய்க் குப்பி லாம்ப எடுத்து வச்சிக்கச் சொல்லி நானே சொல்றேன்."