கரிமீன் தொட்டி

மார்கழி 12, குன்னூர்.

குளிருக்குப் பயந்து மாமா மீன்தொட்டியையும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடிவிட்டார். உள்ளே ஹீட்டர், பாதி உப்புத் தண்ணீர், கொச்சியிலிருந்து கொண்டுவந்த இரண்டு கரிமீன்கள். இன்று விருந்தாளிகள் வந்ததும் காற்று மோட்டாரையும் நிறுத்தினார். சத்தத்தில் பேச முடியாதாம்.

"ஏனுங்க, மீனு மேல வந்து வாயைப் பொளக்குதுங்களே?" என்றார் விருந்தாளி ஒருவர்.

"உங்களை வாங்கன்னு கூப்பிடுதுங்க!" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். மீனுக்கு மூச்சுத் திணறுகிறது என்றேன். "படிச்ச திமிரு" என்றார் மாமா.

அவர்கள் போனபின் நானே தாளை விலக்கி மோட்டாரைப் போட்டேன். ஒரு மீன் மெல்லக் கீழே இறங்கியது. செத்த மற்றொன்றை நீரோட்டம் சுற்றிச் சுற்றி இழுத்துப்போனது.

சுற்றும் அந்த மீனை மாமா எட்டிப் பார்த்தார். "பாத்தியா, இப்பத்தான் ஜம்முனு நீந்துது."

அவருக்குக் காலையில் நாற்றம் சொல்லிக்கொடுக்கும்.